வேற நாட்டுல கிறிஸ்துமஸ் பார்த்தவங்க, மனசுல நின்ன ஒண்ணைச் சொல்லுங்க

நிலாமுற்றம்:
போலந்து, டிசம்பர் 24 ராத்திரி. முதல் நட்சத்திரம் தெரிஞ்சாத்தான் சாப்பாடு, மேசைவிரிப்புக்கு அடியில வைக்கோல், இதெல்லாம் அங்க வழக்கம். யாருமே உட்காராத இடத்துல ஒரு தட்டு. திடீர்னு வர்ற விருந்தாளிக்குன்னு தோழி சொன்னா. அவ பாட்டி, எல்லாரும் பகிர்ந்து சாப்பிடுற ஒப்வாட்டெக்ங்கிற மெல்லிய அப்பத்தை என்கிட்ட நீட்டி ஒரு துண்டு ஒடைக்கச் சொன்னாங்க. ஒடைச்ச பிறகும் என் கையை விடலை, கண்ணு மட்டும் அந்தக் காலித் தட்டு மேலயே. இறந்தவங்களை நினைச்சும் அதை வைப்பாங்கன்னு பின்னாடிதான் படிச்சேன். பாட்டி யாரை நினைச்சாங்களோ, இன்னிக்கும் உறுத்துது.

பழைய பேனா:
ஆஸ்திரியா, டிசம்பர் 5, கிராம்பஸ்ங்கிற கொம்பு வச்ச பேய் வேஷக்காரங்களோட ஊர்வலம். தெருமுனையில மணிச் சத்தம் கேட்டதுமே கூட்டம் பின்வாங்குச்சு. கொம்பும் உரோமத்தோலுமா ஒருத்தன் என் முன்னாடி குனிஞ்சான், முகமூடிக்குள்ள அவன் மூச்சு வாங்குறது கேட்டுச்சு. பக்கத்துலயே ஆயர் உடையில புனித நிக்கோலஸ். கிராம்பஸ் கிறிஸ்தவத்துக்கு முந்தினதுன்னு சிலர் சொல்றாங்க, டிசம்பர் 25ங்கிற தேதியே ரோமானியரோட சூரிய விழாதான்.

மழைக்கிளி:
பேனா சார், தேதியை அவ்வளவு லேசா முடிச்சுடாதீங்க. 354ல ரோம்ல தொகுத்த நாட்காட்டியில டிசம்பர் 25க்கு கிறிஸ்து பிறப்பும் இருக்கு, சூரிய விழாவும் இருக்கு. எது முந்தினதுன்னு ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுறாங்க. மார்ச் 25ல கருத்தரிப்புன்னு வச்சு ஒன்பது மாசம் எண்ணினாங்கங்கிற விளக்கம்தான் எனக்குச் சரியாப் படுது.
நான் பார்த்தது எத்தியோப்பியாவுல லாலிபெலா. அங்க கிறிஸ்துமஸ் ஜனவரி 7. 43 நாள் விரதம் முடியுற விடியல், பாறையைக் குடைஞ்ச கோயிலைச் சுத்தி எங்க பார்த்தாலும் வெள்ளைத் துணி. மேல் விளிம்புல குருமார் அசைஞ்சு அசைஞ்சு பாடினாங்க, முரசோட அதிர்வு பாறை வழியா என் பாதத்துல ஏறுச்சு.

வழிப்போக்கன்:
கிராம்பஸ் பார்க்கப் போறவங்க தடுப்புக்குப் பின்னாடியே நில்லுங்க. குச்சியால காலுல விளாசுவாங்க, தடிச்ச பேன்ட் போடுங்க. சின்னப் பிள்ளைங்களை முன்வரிசையில நிறுத்தாதீங்க, பயந்துட்டா தூக்கமே வராது. முகமூடியைத் தொடாதீங்க, பல பேருது மரத்துல கையால செதுக்கினது. கொம்பைப் பிடிச்சு இழுத்தா உள்ள இருக்கறவர் கழுத்துல அடிபடும்.
என் கதை ஜப்பான். 1974ல கேஎஃப்சி நாடு முழுக்கப் பண்ண விளம்பரத்துக்கு அப்புறம் அங்க கிறிஸ்துமஸ்னா பொரிச்ச கோழி. 24ஆம் தேதி வரிசையில எனக்கு முன்னாடி நின்ன பெரியவர், கோழி வாளியை ரெண்டு கையாலயும் மார்போட அணைச்சுக்கிட்டுப் போனார். யாராவது போனீங்கன்னா முன்கூட்டியே சொல்லி வச்சிடுங்க, அன்னிக்குப் போய்க் கேட்டா கிடைக்கிறது கஷ்டம்.