ரீஜாய்ன்: மீண்டும் சேர்வதா, பதில் சொல்வதா?

கேள்வி:
ஆங்கில நாவல் ஒன்றில் "நாட் அட் ஆல், ஹி ரீஜாய்ன்ட்" என்று ஒரு வரி. "மீண்டும் சேர்ந்தான்" என்று வைத்துப் படித்தால் பொருளே வரவில்லை. இன்னொன்று: மெடிக்கல் லீவ் முடிந்து கொடுக்கும் ஜாய்னிங் ரிப்போர்ட்டில் "ரீஜாய்ன்ட் இன் டியூட்டி" சரியா, "டு டியூட்டி" சரியா?

பதில் 1:
இரண்டுமே தப்பு சார். "ஐ ரீஜாய்ன்ட் டியூட்டி" போதும், நடுவில் எதுவும் வராது. "வேலையில் சேர்ந்தேன்" என்பதில் உள்ள 'இல்'லைத்தான் நாம் 'இன்' ஆக்கிவிடுகிறோம். ஜாய்னுக்கு அது தேவைப்படாதது போலவே ரீஜாய்னுக்கும் தேவையில்லை. "ரீஜாய்ன்ட் பேக்" என்றும் எழுதாதீர்கள், 'ரீ'யிலேயே 'மீண்டும்' இருக்கிறது. அரசு அலுவலகம் என்றால் தேதியோடு ஃபோர்நூனா ஆஃப்டர்நூனா என்பதையும் எழுதிவிடுங்கள். லீவ் கணக்கு அதை வைத்துத்தான். ஃபிட்னஸ் சர்ட்டிஃபிகேட்டையும் கூடவே இணைக்க வேண்டும்.

பதில் 2:
நாவல் வரிக்கு வருகிறேன். அங்கே அது "வெடுக்கென்று பதில் சொன்னான்" என்ற பொருள். உச்சரிப்பும் மாறும்: சேர்வதற்கு நெடில், 'ரீஜாய்ன்', பதிலுக்குக் குறில், 'ரிஜாய்ன்'. எழுத்தில் இரண்டும் ஒன்றே, அதனால்தான் குழப்பம். பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் பேச்சு இருந்தால் பதில்தான்.

முக்கியமாக, பதில் சொல்லும் பொருளில் கேட்டவரைப் பின்னால் சேர்க்கக் கூடாது. "ஹி ரீஜாய்ன்ட் ஹெர்" என்றால் "மறுபடி அவளோடு வந்து சேர்ந்தான்" என்றாகிவிடும். ஆளைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் "ரிப்ளைட் டு ஹெர்" அல்லது "ஆன்சர்ட் ஹெர்". அன்றாடப் பேச்சிலும் ஈமெயிலிலும் இந்தப் பொருளில் எழுதவே வேண்டாம், பழைய புத்தக வாடை அடிக்கும்.

பதில் 3:
பதில் என்ற பொருள் பழைய நீதிமன்றப் பிரெஞ்சு வழியாக வந்தது. கோர்ட்டில் 'ரிஜாய்ண்டர்' இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. பழைய இங்கிலாந்து முறையில் வாதியின் ரெப்ளிகேஷனுக்கு, அதாவது பிரதிவாதியின் பதிலுக்கு வாதி தரும் மறுமொழிக்கு, பிரதிவாதி தரும் மறுப்புதான் ரிஜாய்ண்டர். இந்தியாவில் அது கை மாறிவிட்டது: ரிட் மனுவில் எதிர்த்தரப்பு கவுண்டர் (பதில் மனு) போட்டால், அதற்கு மனுதாரர் போடுவதை ரிஜாய்ண்டர் என்கிறோம். சிவில் வழக்கில் பிரதிவாதி தரும் எதிருரைக்கு (ரிட்டன் ஸ்டேட்மென்ட்) பிறகு அதை நம் இஷ்டத்துக்குத் தாக்கல் செய்ய முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 8, விதி 9 படி கோர்ட் அனுமதி வேண்டும். கோர்ட்டே கேட்டால் 30 நாளுக்கு மிகாமல் கெடு கொடுக்கும்.

கேட்டவர்:
தெளிவாகிவிட்டது, நன்றி. குடும்பத்தோடு சேர்வதற்கு ரீயுனைட்டா, ரீஜாய்னா?

பதில் 2:
எல்லோரும் ஓரிடத்தில் இருக்க, விலகிப் போன ஒருவர் திரும்பி வந்தால் "ரீஜாய்ன்ட் ஹிஸ் ஃபேமிலி". பிரிந்து கிடந்த இரு தரப்பும் கூடினால் ரீயுனைட். இதற்கு மட்டும் 'வித்' உண்டு: "ரீயுனைட்டட் வித் ஹிஸ் ஃபேமிலி". உடைந்த குழாயை ஒட்டுவது போன்ற இடத்தில் நடுவில் சிறு கோடு போட்டு 'ரீ-ஜாய்ன்' என்று எழுதுவோரும் உண்டு.