லேன் அடாப்டர் போட்டவர்களே, உங்களுக்கு எந்த நேரத்தில் காலை வாரியது?

லாஸ்பேட்டைக்காரன்:
மாடியில் என் அறை, ரவுட்டர் கீழே ஹாலில். வைஃபை படியேறி வருவதற்குள் மூச்சு வாங்குகிறது என்று லேன் கேபிள் இழுத்தேன். லேப்டாப்பில் லேன் ஓட்டையே கிடையாது, அதனால் யூ.எஸ்.பி. ஓட்டையில் சொருகுகிற 2.5 ஜி (நொடிக்கு 2.5 கிகாபிட்) அடாப்டர் ஒன்று. மூன்று வாரம் குறை சொல்ல முடியாது. போன செவ்வாய் டெமோ, எதிரில் பதினொரு பேர், நான் திரையைப் பகிர்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன், கீழே அம்மா சட்னிக்கு மிக்ஸியைப் போட்டார். அந்த நொடியில் பதினொரு முகமும் அப்படியே உறைந்துவிட்டன. மேனேஜர் பாதி வாய் திறந்தபடி நின்ற கோலம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒன்றரை நிமிடம் கழித்துத் தானாக வந்தது. மறுநாள் காலையும் இதே மிக்ஸி, இதே கதை. ஆபீஸ் நேரத்தில் சட்னி வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மியில் துவையல் அரைத்து வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். வேறு அடாப்டர் ஆர்டர் போடலாம் என்று இருக்கிறேன். இப்படி யாருக்காவது ஆகியிருக்கிறதா?

கேமரா கடலூர்:
மிக்ஸி எல்லாம் எனக்குத் தெரியாது, என் பிரச்சினை 11. கல்யாண வீடியோ எடிட்டிங் தொழில், மஞ்சக்குப்பத்தில் ஸ்டூடியோ. நெல்லிக்குப்பம் கல்யாணம் ஒன்று, 180 ஜி.பி., மேல் அறையில் இருக்கிற நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்கில் மாட்டிய ஹார்ட் டிஸ்க் பெட்டி) ஏற்ற வேண்டும். புது அடாப்டரைப் போட்டு காப்பி கொடுத்தால் நொடிக்கு 11 எம்.பி.யில் போய் உட்கார்ந்துகொண்டது. நாலரை மணி நேரமாம். பெண் வீட்டார் மறுநாள் காலை டீசர் கேட்டிருக்கிறார்கள். அடாப்டரை மாற்றிக் கேட்டேன், கடைக்காரர் கேபிளை மாற்றச் சொல்லி "கேட் 8" என்று உயர் ரகக் கேபிள், தடியாக ஒன்றைத் தலையில் கட்டினார். அதை மொட்டை மாடி வழியாக இழுக்க ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் டார்ச் அடித்துப் பழைய கேபிளின் தலையைப் பார்த்தால் ஒரு ஓரத்து இரண்டு பின்னும் பச்சைப் பசேல் என்று பூத்திருக்கின்றன. நம் ஊர் உப்புக் காற்றில் கிரில் கதவே மூன்று வருடத்தில் உதிர்கிறது, இந்த இத்தனூண்டு பின் எம்மாத்திரம்? தலையை வெட்டிப் போட்டுப் புதுத் தலையை கிரிம்ப் பண்ணியதும் (அழுத்திப் பொருத்தியதும்) 112. அந்த கேட் 8 சுருள் இன்னும் பரணில் கிடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

வெந்தயக்குழம்பு:
ரெட்டியார்பாளையம். எனக்கு 330. வீட்டில் 1 ஜி கனெக்ஷன், அடாப்டர் 2.5 ஜி, ஸ்பீடு டெஸ்ட் மட்டும் 330 எம்பிட்டைத் தாண்டவே தாண்டாது. நெட் கம்பெனிக்கு நாலு தடவை போன் போட்டு, ஆள் வந்து, அவர் லேப்டாப்பில் 940 காட்டிவிட்டு "உங்க மெஷின்லதான் ஏதோ மேடம்" என்று போய்விட்டார். தம்பி தீபாவளிக்கு வந்தான், ஒன்றும் பேசவில்லை, அடாப்டரை உருவி அதே ஓட்டையில் படக்கென்று ஒரே குத்தாகக் குத்தினான். 938. நான் எப்போதும் ஓட்டை தேய்ந்துவிடுமோ என்று பார்த்துப் பார்த்து மெதுவாகச் சொருகுவேன். பொறுமையாகச் செய்ததற்கு எனக்கு இந்தத் தண்டனை. லாஸ்பேட்டை சார், நீங்களும் ஒரு தடவை குத்திப் பாருங்கள்.

பெங்குவின்:
குத்துவது மந்திரம் இல்லை வெந்தயக்குழம்பு, அதற்குக் காரணம் இருக்கிறது. நீள்சதுரத் தலை (டைப் ஏ) யூ.எஸ்.பி. 3இல் பழைய நாலு தொடுமுனைகள் ஒரு வரிசை, புதிய ஐந்து இன்னொரு வரிசை. அன்ன நடையாக நுழைத்தால் லேப்டாப் முதலில் அந்த நாலை மட்டும் பார்த்து, இது யூ.எஸ்.பி. 2 ஆசாமி என்று முடிவு கட்டிவிடும். யூ.எஸ்.பி. 2 என்றால் ஏட்டில் 480 எம்பிட், கைக்கு வருவது முந்நூற்றுச் சொச்சம். உங்கள் 330 அதுதான். டைப் சி தலையில் இந்தக் கூத்து வராது, ஆனால் சில லேப்டாப்பில் டைப் சி ஓட்டையே உள்ளே வெறும் யூ.எஸ்.பி. 2ஆக இருக்கும். ஓட்டையின் வடிவத்தை நம்பி வாங்காதீர்கள். அதனால் லாஸ்பேட்டைக்கு நீங்கள் சொன்ன வைத்தியம் வேறு நோய்க்கானது. அவருக்கு ஸ்பீடு குறையவில்லை, அறுந்து விழுகிறது.

கேமரா கடலூர் சொன்ன 11ம் அப்படித்தான், எண்ணிலேயே விடை இருக்கிறது. 100 எம்பிட் லைன் என்றால் காப்பியில் 11 எம்.பி., ஸ்பீடு டெஸ்டில் 94 எம்பிட் (எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்). 100க்கு எட்டு கம்பியில் நாலு போதும், 1 ஜிக்கு எட்டும் வேண்டும். நீங்கள் பார்த்த அந்த ஓரத்து இரண்டு பின், அதாவது பழுப்புக் கம்பி ஜோடி, செத்திருக்கிறது, மீதியை வைத்துக்கொண்டு நொண்டியடித்திருக்கிறது. ஒன்று கவனித்தீர்களா, 112 என்பதும் 1 ஜியின் எண்தான். நாஸோ நடுவில் இருக்கிற சுவிட்சோ 1 ஜியாக இருக்கும், 2.5 ஜிக்குக் கொடுத்த காசு சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது. அடாப்டர், சுவிட்ச், நாஸ் மூன்று இடத்திலும் 2.5 இருந்தால்தான் 2.35 ஜி வரை பார்க்கலாம். கேட் 8ம் தேவையில்லை. 2016இல் இந்த 2.5 ஜி தரத்தைக் கொண்டுவந்ததே பழைய கேட் 5இ ரகக் கேபிளில் 100 மீட்டர் ஓட வேண்டும் என்றுதான்.

என் அனுபவம் சின்னது. முத்தியால்பேட்டை, லினக்ஸ், ரியல்டெக் 8156 சிப். டவுன்லோடு ஓடும், அப்லோடு மட்டும் திக்கித் திக்கி. இரவு ஒரு மணிக்கு, யூ.எஸ்.பி.யில் மாட்டியவற்றைக் காட்டும் 'எல்எஸ்யூஎஸ்பி -டி' கட்டளையை அடித்துப் பார்த்தால் வேகம் 5000எம் என்று சரியாக இருக்கிறது, டிரைவர் என்ற இடத்தில் 'சிடிசி_என்சிஎம்' என்கிறது. பொதுவான டிரைவர் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பழசு, இந்தச் சிப்புக்கு 'ஆர்8152' டிரைவரில் ஆதரவு வந்ததே கர்னல் 5.13 பதிப்பில்தான். புதுக் கர்னலை ஏற்றியதும் அடங்கிவிட்டது. இதற்கு நடுவில் இரண்டு அடாப்டரைத் திருப்பி அனுப்பியிருந்தேன், பாவம்.

லாஸ்பேட்டை, புது அடாப்டர் ஆர்டர் போடும் முன் ஒரே ஒரு கேள்வி. அறுந்தபோது விண்டோஸ் அந்த 'டுடுங்' என்று பென்டிரைவைப் பிடுங்கினால் வருகிற சத்தம் போட்டதா? போட்டிருந்தால் கோளாறு யூ.எஸ்.பி. பக்கம்: சூடு, லூசான ஓட்டை, ஹப், இல்லாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் மின்சாரம் மிச்சம் பிடிக்க அதை அணைக்கலாம் என்று டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். சத்தமே வரவில்லை என்றால் அடாப்டர் எங்கும் போகவில்லை, கேபிள் பக்கமோ ரவுட்டர் பக்கமோ பாருங்கள். மிக்ஸி ஓடும்போது போனில் வைஃபை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஓ.டி. பெரியவர்:
தம்பிமார்களே, எல்லாம் சரி, இடி மின்னலுக்கு யாராவது கேபிளைக் கழற்றுகிறீர்களா? போன ஐப்பசியில் ஒரு வெட்டு வெட்டியது, அடாப்டரில் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கு ஒரு தடவை பளிச்சென்று எரிந்து அணைந்தது, அவ்வளவுதான், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். லேப்டாப் தப்பியது முருகன் புண்ணியம். கேபிளை வெளியே இழுக்கிறவர்கள் குழாய்க்குள் விடுங்கள், மொட்டை மாடியில் தொங்க விடாதீர்கள், வெயிலில் தோல் வெடித்துவிடும். வீட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பல வீட்டில் மூன்றாவது ஓட்டை பேருக்குத்தான் இருக்கிறது. கேபிளை மின்சார வயரோடு சேர்த்து டேப் சுற்றாதீர்கள். புயல் வருகிறது என்றால் முந்தின நாளே கழற்றுங்கள், ஃபெஞ்சல் சமயத்தில் நான் அப்படித்தான் செய்தேன். பெங்குவின் தம்பி, இரவு ஒரு மணி வரை விழித்திருக்காதே, உடம்பு முக்கியம்.

பெங்குவின்:
சரிங்க ஐயா.

லாஸ்பேட்டைக்காரன்:
சோதித்துவிட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அம்மாவை மிக்ஸி போடச் சொன்னேன். நெட் போனது, சத்தம் வரவில்லை. போனில் வைஃபையும் போய்விட்டது. அப்புறம் கீழே போய் ரவுட்டர் முன் நின்றுகொண்டு இன்னொரு தடவை போடச் சொன்னேன். மிக்ஸி உறுமியதும் ரவுட்டரின் விளக்குகள் எல்லாம் ஒரு கண் சிமிட்டல் அணைந்து, முதலிலிருந்து ஒவ்வொன்றாக எரிகின்றன. ரவுட்டரும் மிக்ஸியும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், அதுவும் ஆட்டினால் ஆடுகிற பாக்ஸ். சமையலறைப் பிளக் பாயின்ட் கருகியதிலிருந்து அம்மா அங்கேதான் போடுகிறாராம், வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. ரவுட்டரைச் சுவரில் தனியாக மாற்றியாகிவிட்டது. ஆர்டரும் கேன்சல்.

ஆனால் அம்மா இப்போதெல்லாம் மிக்ஸியைத் தொடும் முன் மாடிப்படியில் வந்து நின்று "போடட்டுமாடா?" என்று கேட்கிறார், மீட்டிங்கில் இருக்கிற பதினொரு பேருக்கும் கேட்கிற மாதிரி.