மறு: காமிக் ஓப்பராவிலிருந்து வந்த படங்கள்: ‘தழுவல்’ போதுமா?

> ‘நகைச்சுவை இசைநாடகத் திரைத்தழுவல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம். காமிக் ஓப்பராவிலிருந்து (ஓப்பரா என்றால் பாட்டாலேயே கதை சொல்லும் மேற்கத்திய மேடை நாடகம்) வந்த படங்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதானே பேச்சு. நீங்கள் சொன்ன பெயரின் நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், எனக்கு இடிப்பது ‘தழுவல்’தான். 1975இல் இங்மர் பெர்க்மன் ஸ்வீடன் தொலைக்காட்சிக்காக மோட்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ ஓப்பராவைப் படமாக எடுத்தார். ஸ்வீடனின் ட்ரோட்னிங்ஹோல்ம் அரண்மனையிலுள்ள பழைய அரங்க மேடையைப் போலவே ஒன்றைப் படப்பிடிப்புத் தளத்துக்குள் கட்டி, பாட்டை முதலில் பதிவுசெய்துகொண்டு, பாடியவர்களையே வாயசைக்க வைத்தார். வரிகள் ஸ்வீடிஷ் மொழியில், சில வெட்டுகளும் உண்டு, ஆனாலும் கேட்பது மோட்சார்ட்தான். இன்னொரு பக்கம் லெஹாரின் 1905 ஆப்பரெட்டா (வசனமும் கலந்த லேசான ஓப்பரா) ‘மெர்ரி விடோ’. அதை 1925இல் ஸ்ட்ரோஹைம் மௌனப் படமாகவே எடுத்துவிட்டார்! 1934இல் லூபிட்ச் எடுத்ததில் மெட்டு லெஹாருடையது, கதையும் வரியும் நிறைய மாறின. இத்தனைக்கும் ஒரே சொல் என்றால் எப்படி?

என் யோசனை: பாடல்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தால் ‘ஓப்பராப் படவாக்கம்’. கதையையோ சில மெட்டுகளையோ மட்டும் எடுத்துக்கொண்டால் ‘தழுவல்’. அரங்கில் நடந்ததைக் கேமரா பிடித்தால் ‘மேடைப்பதிவு’. இயக்குநர் பொனெல் 1976இல் எடுத்த, மோட்சார்ட்டின் ‘ஃபிகாரோவின் திருமணம்’ ஓப்பராப் படத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும், சில இடங்களில் பாத்திரத்தின் வாய் மூடியே இருக்கும், பாட்டு மட்டும் மனக்குரலாக ஓடும். மேடையில் இதற்கு வழியே இல்லை, அதனால் ‘பதிவு’ என்ற சொல் அதற்கு ஒட்டவே ஒட்டாது.

‘நகைச்சுவை’யும் வேண்டாம். பிரெஞ்சுக்காரர்களின் ‘ஒபேரா கொமிக்’ என்றால் பாட்டுக்கு நடுவே வசனம் பேசும் வகை, அவ்வளவே. 1875இல் பிசேயின் ‘கார்மென்’ ஓப்பரா அந்த வகையில்தான் அரங்கேறியது, முடிவில் நாயகி குத்திக் கொல்லப்படுகிறாள். ‘இசைநாடகம்’ என்ற சொல்லும் வேண்டாம், அதைக் கேட்டால் நம்மவர்களுக்குத் தமிழ் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் ஞாபகம்தான் வரும். ஓப்பரா ஓப்பராவாகவே இருக்கட்டும்.

---

> பாடல்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தால்

படவாக்கம் எனக்கும் சரி. ஆனால் கெவின் க்ளைன் நடித்த 1983 படம் ‘பென்சான்ஸ் கடற்கொள்ளையர்’ எந்த வகைக்குள் போகும்? அதுவும் ஒரு காமிக் ஓப்பராவிலிருந்து வந்ததுதான். மெட்டு சல்லிவனுடையது, வரி கில்பர்ட்டுடையது, வாத்திய அமைப்பு மட்டும் புதிது.

---

மெட்டும் வரியும் நிற்கின்றன அல்லவா, படவாக்கம்தான். வாத்தியத்தை மாற்றியதற்கு ‘புதிய வாத்திய அமைப்பு’ என்று பக்கத்தில் ஒரு குறிப்பு போட்டால் போதும்.