மங்கி பீச்சுக்குப் போற போட்டைக் குறைக்கணுமா? பினாங்கு ஆளுங்க வாங்க

தெலுக்பஹாங்வாசி:
லீவு நாள்ல எங்க ஊரு தெலுக் பஹாங் படகு ஜெட்டியில நிக்க எடமில்ல, மங்கி பீச்சுக்கும் பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்கும் போட் போய்க்கிட்டே இருக்கு. 2003-ல இந்தக் கடற்கரைங்க இருக்கற பகுதிய தேசியப் பூங்கான்னு அறிவிச்சது காட்டையும் கடலையும் காப்பாத்தத்தானே. கெராச்சுட்ல பச்சை ஆமை முட்டை போடுது. ராத்திரி டார்ச் அடிச்சா கரை ஏறுன ஆமை முட்டை போடாமலே திரும்பிடும், பொரிஞ்ச குஞ்சும் வெளிச்சத்தப் பாத்து கடலுக்குப் போகாம காட்டுப் பக்கம் ஓடும். ஒரு நாளைக்கு இத்தன போட்டுதான்னு கோட்டா வைக்கச் சொல்லி மனு எழுதுறோம், கையெழுத்துப் போடுங்க.

ரொட்டிக்கடை:
அண்ணே நான் போடமாட்டேன். ஜெட்டி பக்கம்தான் என் கடை. போட் ஓட்டுறவங்க பாதிப்பேரு வலை போட்டுக்கிட்டு இருந்தவங்க, மீன் கொறஞ்சு டீசல் காசு கூட தேறாம டூரிஸ்ட ஏத்த வந்தாங்க. கோட்டா வந்தா யாருக்குக் கெடைக்கும்? பத்து ஃபெரிங்கி பக்கம் பெரிய கம்பெனிக்காரனுக்குத்தான், ஒத்த போட் வச்சிருக்கறவருக்கா? டூரிஸ்ட்டால ஆமை அழியுதுன்னா அதுக்கு ஆதாரம் என்ன?

திரங்கானுமருமக:
ஆதாரம் எங்க திரங்கானுவுல இருக்கற ரந்தாவ் அபாங் கடற்கரைதான் தம்பி. 1950-கள்ல அங்க வருஷத்துக்கு ஏறத்தாழ 10,000 பெலிம்பிங் ஆமைக் (லெதர்பேக், தோல் மாதிரி முதுகு இருக்கற பெரிய கடலாமை) கூடு இருந்துச்சு. பாக்க வந்த கூட்டம் டார்ச் அடிச்சு, முதுகுல ஏறி உக்காந்து போட்டோ எடுத்துச்சு. இப்ப ஆமையும் இல்ல, ஆமைய நம்பி கட்டுன ஹோட்டலுக்கு ஆளும் இல்ல.

ரொட்டிக்கடை:
அக்கா அதுல பாதிதான் சொல்றீங்க. முட்டைய கணக்கில்லாம எடுத்து வித்தாங்க, ஆழ்கடல் வலையில மாட்டி செத்ததும் ஏராளம். எல்லா ஆமை முட்டை விக்கிறதையும் திரங்கானுவே 2022-லதான் தடை பண்ணுச்சு. அதையெல்லாம் விட்டுட்டு டூரிஸ்ட் தலையில கட்டுனா எப்படி?

திரங்கானுமருமக:
முட்டையும் வலையும்தான் பெருசு, ஒத்துக்கறேன். ஆனா இன்னிக்கு பொரியற குஞ்சு வளந்து முட்டை போட இருபது முப்பது வருஷம் ஆகும், நாம இப்ப பண்ற கேடு நம்ம பிள்ளைங்க காலத்துலதான் தெரியும், அப்ப யாரக் கேக்கறது? அதான் பயம்.

மலையேறி_பினாங்கு:
நான் எப்பவும் நடந்தே போறவன், மங்கி பீச்சுக்கு ஒன்றரை மணி நேரம்தான். அங்க குரங்கு பையோட ஜிப்ப தானே தொறக்குது, கெரோபோக் அப்பளப் பாக்கெட்ட பல்லுல கிழிக்குது, குடுக்கலன்னா பல்லக் காட்டி மேல பாயுது. குடுத்துப் பழக்குனது யாரு? போட்ல வந்து எறங்குறவங்கதான். போட்டே வேணாம்னு நிறுத்துனா நல்லது.

ரொட்டிக்கடை:
ஒன்றரை மணி நேரம் எங்க பாட்டி நடப்பாங்களா? கால் முடியாதவங்களுக்குக் கடல் கெடையாதா?

தெலுக்பஹாங்வாசி:
போட்ட நிறுத்தச் சொல்லல தம்பி. ஊருக்காரங்க போட்டுக்கு மட்டும் லைசன்ஸ், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல கெராச்சுட்ல யாரையும் எறக்கக்கூடாது, குரங்குக்கு தீனி போட்டா ஃபைன். இத மனுவுல சேத்தா?

ரொட்டிக்கடை:
அஞ்சு மணி, ஃபைன் ரெண்டும் ஓகே. லைசன்ஸ் ஊரு மீனவர் பேருலதான், கம்பெனிக்கு மாத்தவோ விக்கவோ முடியாதுன்னு மொதல்ல எழுதிக் காட்டுங்க, அப்புறம் கையெழுத்துக் கேளுங்க.