நான்கு மாதம் வெட்டவெளியில் நிற்கப்போகும் கார்: என்னென்ன செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும்?

கேள்வி – மழைமேகம்

அப்பா ஓட்டிய கார் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. பதினான்கு வயதான பெட்ரோல் வண்டி. நவம்பர் கடைசியில் கிளம்பினால் மார்ச் கடைசியில்தான் திரும்புவேன். கொட்டகை கிடையாது. வீட்டுக்குப் பின்னால் புல்தரையும், அதை ஒட்டி ஜல்லி பரப்பிய ஓர் இடமும் இருக்கின்றன. பனி முழங்கால் அளவு விழும்; சில இரவுகளில் குளிர் மைனஸ் 20 டிகிரி வரை இறங்கும்.

சென்ற குளிர்காலத்தில் ஆறு வாரம் வெளியூர் போனபோது நீலத் தார்ப்பாயால் இறுகப் போர்த்தி, கயிறு கட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பேட்டரி அடியோடு இறங்கியிருந்தது. ஸ்டியரிங்கில் வெண்பச்சையாகப் பூஞ்சை. அதுவும் அப்பாவின் இடது கை எப்போதும் இருக்கும் இடத்தில், தோல் தேய்ந்து வழவழப்பாகிப்போன அந்த நான்கு விரல் அகலத்தில். துடைக்கும்போது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நன்றாக மூடினால் போதும் என்று நினைத்தது என் தவறா?

இன்னொன்று. பக்கத்து வீட்டுப் பெரியவர், "சாவியைக் கொடுத்துவிட்டுப் போம்மா, வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிடுகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில் – பழைய ஸ்பேனர்

அம்மா, இருபத்தாறு வருடம் பட்டறையில் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன். குளிர் உங்கள் காரைக் கெடுக்கவில்லை, ஈரம்தான் கெடுத்தது. அந்த ஈரத்தை உள்ளே பூட்டி வைத்தது தார்ப்பாய். பிளாஸ்டிக் மூச்சு விடாது. மண்ணிலிருந்து கிளம்பும் ஆவி அதன் உட்பக்கத்தில் துளித்துளியாகப் படிந்து, சொட்டி, மறுபடியும் ஆவியாகும். ஆறு வாரமும் இதுவே நடந்திருக்கும். காற்றுப் போகும் துணியில் தைத்த கார் உறையை வாங்குங்கள். இல்லையென்றால் திறந்தே விட்டுவிடுங்கள். தார்ப்பாயைவிட அது எவ்வளவோ மேல். புல்மேல் நிறுத்தவே வேண்டாம், ஜல்லியில் நிறுத்துங்கள்.

பெரியவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். அவருடைய மனது நல்லது, அந்த வேலை நல்லதல்ல. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடும் வண்டியில் அது ஆவியாகி வெளியே போய்விடும். கடுங்குளிரில் நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடினால் சைலன்சர் முழுமையாகச் சூடாகாது. தண்ணீர் அதற்குள்ளேயே தங்கித் துருப்பிடிக்க வைக்கும், ஆயிலிலும் கலக்கும். ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம்கூடப் பேட்டரிக்குத் திரும்பி வராது. அவருக்கு வேறு வேலை கொடுங்கள்: பனி கனமாக விழுந்த மறுநாள், மென்மையான துடைப்பத்தால் கூரைமேல் இருப்பதைத் தள்ளிவிடச் சொல்லுங்கள்.

அடுத்து பேட்டரி. வண்டியை அணைத்துவிட்டாலும் அலாரம், கதவுப் பூட்டு, கடிகாரம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மாதத்துக்கு 86 ஆம்பியர் மணி ஆகிறது. உங்கள் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 60 அளவில்தான் இருக்கும். இறங்கிப்போன பேட்டரிக்குள் இருக்கும் திரவம் மைனஸ் 10 டிகிரியிலேயே உறைந்து, விரிந்து, பெட்டியை வெடிக்கச் செய்துவிடும். முழு சார்ஜில் இருப்பதோ மைனஸ் 50 வரை தாங்கும். ஆகவே கிளம்பும் முன் முழுமையாக ஏற்றுங்கள், மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். பிறகு மைனஸ் இணைப்பை முதலில் கழற்றி, பேட்டரியை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். டிக்கி மின்சாரத்தில் மட்டும் திறக்கும் வண்டி என்றால் அதிலிருந்து எடுக்க வேண்டியதை முன்பே எடுத்துவிடுங்கள்.

ஆயிலைக் கிளம்பும் முன்பே மாற்றுங்கள், வந்த பிறகு அல்ல. பழைய ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும். நான்கு மாதமும் அது பேரிங்குகள்மேல் உட்கார்ந்திருக்கும். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தில் கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதியாக இருந்தால் மைனஸ் 35 வரை பயமில்லை. கோடையில் வெறும் தண்ணீர் ஊற்றி நிரப்பியிருந்தால் இப்போதே சோதித்துவிடுங்கள். கைபிரேக் போடாதீர்கள், ஒட்டிக்கொண்டுவிடும். கியரில் விட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

பதில் – சக்கரத்தடம்

அண்ணன் டயரை விட்டுவிட்டார். வெப்பநிலை ஐந்தரை டிகிரி குறைந்தால் டயரின் காற்றழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். 10 டிகிரியில் அடித்த காற்று, மைனஸ் 20 ஆகும்போது ஐந்து பிஎஸ்ஐக்கு மேல் இறங்கியிருக்கும். வண்டியின் எடை ஒரே இடத்தில் அழுத்தி டயர் தட்டையாகிவிடும். நான் வழக்கத்தைவிட நான்கைந்து பிஎஸ்ஐ கூடுதலாக அடித்து வைப்பேன். டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டமாட்டேன். பெட்ரோல் டேங்கையும் நிரப்பி வையுங்கள். எரிபொருள் கெடாமல் காக்கும் மருந்து கலந்தால் பத்து நிமிடமாவது ஓட்டுங்கள், இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்வரை அது போய்ச் சேர வேண்டும்.

பதில் – தாழ்வாரம்

எலி! இதை யாருமே சொல்லவில்லையே. என் வண்டியில் ஏர் ஃபில்டரின்மேல் கூடு கட்டி, நான்கு வயர்களைக் கடித்துத் துண்டாக்கியிருந்தது. சைலன்சர் வாயையும் காற்று உள்ளே போகும் குழாயையும் இரும்பு நாரால் அடைத்துவிடுங்கள். அடைத்ததை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டுங்கள், எடுக்க மறந்து ஸ்டார்ட் செய்தால் விபரீதம். வண்டிக்குள் ஒரு பிஸ்கட் துணுக்குகூட இருக்கக் கூடாது.

பதில் – பழைய ஸ்பேனர்

எலி விஷயம் முற்றிலும் உண்மை. மழைமேகம் அம்மா, ஒன்று கேட்கிறேன். பூஞ்சை பிடித்திருந்தபோது கால்மிதியைத் தூக்கிப் பார்த்தீர்களா? முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் நிற்கும் பள்ளத்தில், இரண்டு ஓரத்திலும் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும். இலை அடைத்தால் தண்ணீர் உள்ளேதான் இறங்கும்.

மழைமேகம்

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னதும் இன்று காலையே போய்ப் பார்த்தேன். ஓட்டுநர் பக்கத்துக் கால்மிதிக்கு அடியில் இருந்த விரிப்பைப் பிழிந்தால் தண்ணீர் வந்தது. பானெட்டைத் திறந்து அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் இரண்டு விரலை விட்டேன். கறுத்துக் கூழாகிப்போன இலை கை நிறைய வந்தது. அதற்கு அடியில் ஒரு துளை, சுண்டுவிரல் நுழையும் அளவு. ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், முன்சக்கரத்துக்குப் பின்னால் போய் விழுந்தது. விரிப்பைக் கழற்றிக் காயப் போட்டிருக்கிறேன். அது உலர்வதற்குமுன் உறை போடப்போவதில்லை.

பெரியவரிடமும் பேசிவிட்டேன். துடைப்பம் தன்னிடமே இருக்கிறது என்றார்.