பொருள்: மின்காப்பின் மேல் நிகழும் மின்னிறக்கத்துக்கு ஒரு சொல் போதுமா?

ஐயா, வணக்கம். தங்கள் மடல் கண்டேன். மின்காப்புப் பொருள்களில் ஏற்படும் மின்னிறக்கத்தை (டிஸ்சார்ஜ்) நரம்பணு வலையமைப்பால், அதாவது தரவிலிருந்து கற்கும் கணினி நிரலான 'நியூரல் நெட்வொர்க்'கால், முன்கணிக்கும் கட்டுரைக்கு 'மேற்பரப்பு மின்னிறக்கம்' என்ற ஒரு சொல்லே போதும் என்கிறீர்கள். போதாது என்பது என் உறுதியான கருத்து.

பினாங்கின் கடலோரத்தில் உள்ள மின்கம்பங்களையே எடுத்துக்கொள்வோம். கம்பியைக் கம்பத்திலிருந்து பிரித்துத் தாங்கும் காப்பிகளின் ('இன்சுலேட்டர்') மேல் உப்பு படிகிறது. பெருமழை அதைக் கழுவிவிடும். தூறலும் விடியற்காலை ஈரமுமோ உப்பை நனைத்து அங்கேயே விட்டுவிடும். அந்த ஈரப்படலத்தில் கசிவு மின்னோட்டம் ஓட, அதன் சூட்டில் ஓரிடம் மட்டும் காய்ந்து பட்டையாகிறது. மின்னழுத்தத்தின் பெரும்பகுதி அந்தக் குறுகிய பட்டையின் மேலேயே விழுவதால் அங்கே பொறிகள் தெறிக்கின்றன. இதை 'உலர்பட்டைப் பொறி' எனலாம். அது தானே அணைந்துவிடலாம். அடியிலுள்ள பொருளைச் சிறிது சிறிதாகக் கரியாக்கிக் கடத்தும் பாதையொன்றை உண்டாக்கலாம். அல்லது காப்பியின் முழு நீளத்தையும் ஒரே வீச்சில் கடந்து மின்வழங்கல் துண்டிக்கப்படக் காரணமாகலாம். நடுவில் சொன்ன 'டிராக்கிங்' என்பதற்குக் 'கரித்தடமிடல்' என்றும், கடைசியில் சொன்ன 'ஃபிளாஷ்ஓவர்' என்பதற்கு 'மின்தாவல்' என்றும் வழங்கலாம் என முன்மொழிகிறேன். தாவல் பொருளுக்கு வெளியே, காற்றின் வழியே நிகழ்வது. பொருளை ஊடுருவிச் செல்வதற்குத் 'துளைப்பு' என்ற சொல் தனியே இருக்கட்டும்.

வலையமைப்பைப் பயிற்றுவிப்பவருக்கு இந்தப் பிரிவு இன்றியமையாதது. மின்தாவலில் அவர் தேடும் விடை ஒரு மின்னழுத்தம். ஒரு சதுர சென்டிமீட்டரில் படிந்த உப்பின் அளவு, ஈரப்பதம், காப்பியின் மேற்பரப்பு நீளம் ஆகியவை உள்ளீடுகள். கரித்தடமிடலில் விடை, பொருள் தோற்கும் வரையிலான கால அளவு. அங்கே கசிவு மின்னோட்டத்தின் அலைவடிவமே முதன்மையான சான்று. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பொறி தெறிக்கத் தொடங்கியதும் அலை சிதைந்து, அதில் 150 ஹெர்ட்ஸ் கூறு அதிகரிக்கிறது.

பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஇசி) 60587 என்ற தரச் சோதனையில் கரித்தடமிடலைக் கண்ணாலேயே காணலாம். 45 பாகை சாய்த்த தகட்டின் அடிப்பக்கத்தில் அம்மோனியம் குளோரைடு கரைசல் வழிந்து இறங்க, கீழ் மின்முனையில் தொடங்கும் கரிய கோடு கிளைவிட்டு மேல்நோக்கி ஏறும். மின்னோட்டம் 60 மில்லியாம்பியரைத் தாண்டி 2 நொடி நீடித்தால் தகடு தோற்றதாகக் கொள்வர். கோடு 25 மில்லிமீட்டரை எட்டுவதையும் தோல்வியாகக் கொள்ளும் மாற்று அளவுகோல் ஒன்று உண்டு. தோல்வி எனப்படும் இந்தக் கணத்தில் மின்தாவல் நிகழ்ந்திருக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் ஒரே பெயரிட்டுத் தரவைத் தொகுத்தால், வலையமைப்பு எதைக் கற்றது என்று எவராலும் சொல்ல இயலாது.

'நரம்பியல் வலையமைப்பு' என்றும் சொல்லலாம்தான். ஆனால் 'நரம்பியல்' என்பது மருத்துவத் துறையின் பெயராக நிலைத்துவிட்டதால், 'நரம்பணு வலையமைப்பு' என்பதையே நான் ஏற்கிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. சிலிக்கோன் ரப்பரில் கரியைவிட வெண்ணிறச் சிலிக்காவே பெரும்பாலும் எஞ்சுகிறது. அது மின்சாரத்தைக் கடத்தாது, பொருள்தான் குழிந்துபோகிறது. இதைக் கரித்தடமிடல் என்று பதியக் கூடாது. உலோகங்களுக்கு வழங்கும் 'அரிமானம்' என்பதோடு குழம்பாதிருக்க 'பொறியரிப்பு' எனலாமா? தங்கள் கருத்தை அறிய விழைகிறேன்.