"இதையும் அதையும் கூட்டினா இது வரும்": மாற்றுத்திறனாளி மாணவர்களும் நம் வகுப்புகளும்

கணக்கு வாத்தியார்:
கல்லூரியில் புள்ளியியல் எடுக்கிறேன். நான் சொதப்பியதிலிருந்தே தொடங்குகிறேன்.

செமஸ்டர் முதல் நாள். வெள்ளைக் கோலோடு ஒரு மாணவர் உள்ளே வந்தார். பெரிய உதவி செய்கிற நினைப்பில், "தம்பி, முன் பெஞ்சுக்கு வாப்பா. இவருக்கு யாராவது நோட்ஸ் எழுதிக் கொடுங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். வகுப்பு முடிந்ததும் வந்தார். "சார், என் ஃபிரெண்ட்ஸ் எல்லாம் பின்னாடிதான் இருக்காங்க. முன்னாடி உட்கார்ந்தாலும் எனக்கு போர்டு தெரியாது. எழுதறதை வாய்விட்டுச் சொன்னீங்கன்னா போதும்."

சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன் என்று உள்ளுக்குள் கோபம். அடுத்த வகுப்பை போனில் பதிவுசெய்து கேட்டேன். "இதை எடுத்து இங்க போட்டு, அதால வகுத்தா, பாருங்க, இது வந்துடுச்சு." 50 நிமிஷமும் இதே கதை. என் பாடம் எனக்கே புரியவில்லை!

அப்புறம் மாற்றிக்கொண்டேன். 'வர்க்கமூலம் எக்ஸ் கூட்டல் ஒன்று' என்றால் அந்த ஒன்று மூலக்குறிக்கு உள்ளேயா, வெளியேயா? கேட்கிறவருக்கு எப்படித் தெரியும்? இப்போது "மூலக்குறி ஆரம்பம், எக்ஸ் கூட்டல் ஒன்று, மூலக்குறி முடிவு" என்கிறேன். முதல் வாரம் நாக்கு குழறியது. பார்வையுள்ள பிள்ளைகளும் அடைப்புக்குறியை விடுவது குறைந்துபோனது, அது நான் எதிர்பார்க்காதது.

மூன்றாம் பெஞ்ச்:
சார், உங்க மாணவர் பரவாயில்லை, நேராகச் சொல்லிவிட்டார். பார்வையில்லாத நான் மூன்று வருஷம் வாயே திறக்கவில்லை.

என் வில்லன் பிடிஎஃப். புத்தகத்தை ஸ்கேன் பண்ணி அனுப்புவார்கள். கண்ணுக்கு அது எழுத்து, திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளுக்கு வெறும் படம். ஒரு வார்த்தை படிக்காது. தமிழ்ப் பாடத்தில் இன்னொரு கூத்து. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய 'தமிழ்' என்ற சொல்லை எழுத்தெழுத்தாகக் கேட்டால் "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று வரும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் தட்டியிருந்தால் ஒழுங்காகப் படித்திருக்கும்.

ஆசிரியர்கள் அனுப்புவதற்கு முன் ஒரு வரியை செலக்ட் செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஒன்றுமே ஒட்டவில்லையா, அது படம். கன்னாபின்னா ஆங்கில எழுத்து வருகிறதா, பழைய எழுத்துரு. என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம்தான், நிறுவிக் கேட்டும் பார்க்கலாம். தயவுசெய்து பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி அனுப்பாதீர்கள்.

பாதிச் சத்தம்:
எனக்குக் காது மந்தம். காது மெஷின் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். அது ஃபேன் சத்தத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். பாதியைக் காதாலும் மீதியை உதட்டைப் பார்த்தும்தான் பிடிக்கிறேன். போர்டைப் பார்த்துத் திரும்பிப் பேசினால் அந்த வாக்கியம் போச்சு. கத்தினால் இன்னும் மோசம், உதடு கோணிவிடும்.

ஒரு மேடம் மட்டும் எழுதி முடித்துவிட்டுத் திரும்பி நின்று பேசுவார். பின்னாலிருந்து யாராவது கேள்வி கேட்டால், அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்வார். நான் கேட்டுக்கொண்டதில்லை, அவர் பழக்கமே அப்படி. அவர் வகுப்பில்தான் மற்றவர்கள் சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரித்தேன்.

கூடுதல் நேரம்:
எனக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைப் படிப்பதில் சிரமம், வெளியே தெரியாது. பரீட்சையில் கூடுதல் நேரத்துக்கான அனுமதிக் கடிதத்தை நீட்டியபோது ஓர் ஆசிரியர், "பார்த்தா நல்லாத்தானே இருக்க?" என்றார். பரீட்சை ஹாலில் அதையே சத்தமாக இன்னொரு முறை சொன்னார். கூடுதல் நேரத்தை அவர் சலுகையாக நினைத்தார். ஐ.நா.வின் 2006 மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையோ, இப்படி நியாயமான ஏற்பாட்டை மறுப்பதையே பாகுபாடு என்கிறது. அடுத்த பரீட்சையில் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். கடைசி இரண்டு கேள்விகளைத் தொடவே இல்லை.

கணக்கு வாத்தியார்:
படிக்கவே சங்கடமாக இருக்கிறது. நானும் அப்படி சத்தமாக அறிவித்தவன்தானே.

மூன்றாம் பெஞ்ச், ஒரு சந்தேகம். சமன்பாட்டை வாயால் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தை என்ன செய்வது?

மூன்றாம் பெஞ்ச்:
தக்கைப் பலகை, குண்டூசி, ரப்பர் பேண்டு. அச்சுகளுக்கு ரப்பர் பேண்டை இழுத்து மாட்டுங்க, புள்ளிக்கு ஒரு ஊசி. விரலை ஓட்டினாலே சரிவு ஏறுதா இறங்குதான்னு தெரிஞ்சிடும். ஆனா செய்யறதுக்கு முன்னாடி அந்த மாணவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க சார், வகுப்பு முடிஞ்சப்புறம்.